கெட்ட ராணி யார் என்று கேட்டார்கள்

றக்வானைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து சாக்குக்குள்தான் போகிறது. கூடை போய்ப் பல வருடமாயிற்று. ஆனால் துரை பங்களாவுக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால், ஸ்டோரிலிருந்து மூங்கில் கூடைகள் தூசு தட்டி இறங்கும். சிவப்புச் சேலையும் பங்களாவே தரும். பார்க்க லட்சணமான நான்கு பெண்களைக் கங்காணி பொறுக்கி, படம் பிடிக்க நிறுத்துவார். முதல் ஆள் எப்போதும் என் சித்தி.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, சித்தி வரமாட்டேன் என்றாள். முந்தைய தடவை ஒரு விருந்தாளி, முகம் சரியாக விழவில்லையென்று அவள் நாடியைப் பிடித்துத் தூக்கியிருந்தான். கூட வந்த வழிகாட்டி, "நங்கி, ஹினாவென்ன" என்று சிங்களத்தில் சிரிக்கச் சொன்னானாம்.

கங்காணி, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"சும்மா நிக்கத்தானேம்மா கூப்புடுறோம்? தொர கேக்குறாரு."

"தொரைக்குக் கொழுந்து வேணும்னா பறிச்சித் தாரேங்க. மூஞ்சி வேணும்னா, அவரு வீட்டம்மாவ நிக்கச் சொல்லுங்க."

சித்தப்பாவுக்கு மானம் போய்விட்டது. "ஒரு நிமிசம் பல்லக் காட்டிட்டு வந்தா தேஞ்சா போயிருவ?"

"ஒங்க பல்லுதான் என்னோடத விட வரிசையா இருக்கு. நீங்க போங்க."

லயமே சிரித்தது. திங்கட்கிழமை அந்தச் சிரிப்புக்குக் கூலி வந்தது. சித்தியை அட்டை மொய்க்கும் மேல்மலைக்கு மாற்றினார்கள். அவளோ கைப்பிள்ளைக்காரி. அங்கிருந்து, கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கிப் பால் கொடுத்துவிட்டு ஏறுவதற்குள் அரைநாள் போய்விடும். பிள்ளை பசியில் கத்தும். சித்தியின் சட்டை பால் கசிந்து நனைந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு வேதக்கோயிலில் உபதேசியார் எஸ்தர் கதையை எடுத்தார். கங்காணியே எங்கள் சபை மூப்பர், முன்வரிசையில் இருந்தார்; சித்தி பிள்ளையோடு கடைசிப் பெஞ்சில். குடித்திருந்த ராஜா, தன் மனைவி வஸ்தியின் அழகை விருந்தாளிகளுக்குக் காட்ட ஆளனுப்புகிறான். அவள் வர மறுக்கிறாள். கிரீடம் பறிபோகிறது; எஸ்தர் ராணியாகிறாள். வராதவளுக்கு முக்கால் மணி நேரப் பிரசங்கம். குடித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! "அடிச்ச கையக் கும்பிட்டு, அழுத வாயப் பொத்து" என்று லயத்தில் சொல்வார்கள். அன்று அதை வேதமாகவே வாசித்தார்கள்.

கடைசியில் உபதேசியார் பிள்ளைகளிடம் கேட்டார்: "பெருமையால கெட்டுப்போன ராணி யாரு?"

முந்திக்கொண்டு பெஞ்சில் ஏறி, "வஸ்தி!" என்று கத்தியது நான்தான். எஸ்தர் படம் போட்ட அட்டை ஒன்று கிடைத்தது. சபை முழுக்கக் கைதட்டியது. தட்டியவர்களின் கண்ணெல்லாம் என்னைத் தாண்டிப் பின்பக்கம் பார்த்ததை நான் கவனிக்கவில்லை.

திரும்பி நடக்கையில், பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சித்தி கேட்டாள்: "கெட்ட ராணின்னியே, அவ யாருக்கு என்னா கெடுதல் செஞ்சா?"

நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அப்பறம் அவ எங்க போனா?"

"வேதத்துல எழுதலயே சித்தி."

"எழுத மாட்டாங்க."

பாவம், சித்தி பிரசங்கத்தைச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அதனால் உபதேசியார் குரலிலேயே முதலிலிருந்து கதையைச் சொல்லத் தொடங்கினேன். லயம் வரும்வரை சித்தி 'ம்' கொட்டிக்கொண்டே வந்தாள். நான் நன்றாகச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன்.