தலைமாட்டுக் கத்தி

"...அவ மருமக கதைய அப்பறம் சொல்றேன். நீ மொதல்ல இந்தக் கத்தியப் பாரு. இது இன்னா கத்தின்னு நெனச்ச?"

நான் கத்தியை நீட்டியதும் பக்கத்து வீட்டுக்காரி முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, "லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சதாட்டம் கீதுக்கா" என்றாள். அவள் பார்த்தவுடன் சொல்லிவிட்டாள். அன்று எனக்குத்தான் தெரியவில்லை.

எங்களிடம் பழைய குத்துக்கத்தி ஒன்று இருந்தது. தாத்தா மணிமங்கலத்துப் பக்கம் ஒரு மிராசுதாருக்கு வண்டி ஓட்டினார். அந்த வீட்டில் கொடுத்தது. பிடி உடைந்து, தாத்தாவே பனங்கட்டையில் வேறு போட்டார். அலகுதான் அழகு. செம்பரம்பாக்கம் ஏரியில் காற்றடித்தால் தண்ணீர் சுருங்கி ஓடுமே, அப்படி இரும்புக்குள்ளேயே வரிகள் ஓடும். பிள்ளை பெறுகிறவள் தலைமாட்டில் இரும்பு இருந்தால் காற்று கருப்பு அண்டாது என்பார்கள். அம்மா என்னைப் பெற்றபோதும், நான் என் பிள்ளைகளைப் பெற்றபோதும் அதுதான் தலைமாட்டில் இருந்தது. கடைசிப் பையன் கால் முதலில் வந்தான், அது தனிக் கதை.

தொண்ணூற்றொன்றில் என் மகள் பிரசவத்துக்கு வந்தாள். தம்பி அப்போது ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் லாரிப் பட்டறையில் இருந்தான்.

"யக்கா, கத்தி துரு புட்ச்சிக்கினு கீது. குடு, சாண புட்ச்சி எட்தாறேன். நம்ம பொண்ணு தலமாட்டுல வெக்கப் போறது."

கூடப் பிறந்தவன், கொடுத்தேன். திரும்பி வந்தபோது அதே பிடி, அதே வரி. பூரித்துப்போய்க் கருவாட்டுக் குழம்பு வைத்துப் போட்டேன். பாவி, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

வலி கண்டதும் கத்தியைச் செங்கல் தூளால் தேய்ப்போம். வரி மறைந்து அலகு பளபளக்கும். பிறகு எலுமிச்சம்பழம் தடவினால் வரிகள் உள்ளேயிருந்து மறுபடி எழுந்து வரும். இதெல்லாம் பெண்கள் செய்வது. தம்பி ஆயுத பூஜையில் சந்தனம் பூசிய கத்தியைத்தான் பார்த்திருக்கிறான்; இந்த எலுமிச்சம்பழ விஷயம் அவனுக்குத் தெரியாது.

தேய்த்தேன். வரி போனது. பழத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். வெறும் கறுப்புத் திட்டு. உள்ளே மகள் முனகுகிறாள்.

வாசலில் நின்ற தம்பியைக் கேட்டேன்: "வரி எங்கடா?"

"இது பட்டறையில அடிச்ச வேற கத்தி, புடி மட்டும் பழசு. வரி பேட்டரி ஆசிட்டால வரஞ்சதுக்கா. பழச ஒரு கார்க்காரரு ஆசப்பட்டாரு, குட்த்துட்டேன். இதுவும் இரும்புதானே? பேய்க்கு வரியா தெரியப் போவுது?"

திருடியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். என்னை ஏமாற்ற உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக இழுத்திருக்கிறானே! அதுதான் நெஞ்சில் தைத்தது.

தலைமாட்டில் என் அரிவாள்மனையை வைத்தேன். பேத்தி பிறந்தாள். என்ன குரல்! பேய் ஏதாவது வந்திருந்தாலும் அந்தச் சத்தத்துக்கே ஓடியிருக்கும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அவளுக்கென்று எடுத்து வைக்க அந்தக் கத்தி இல்லை.

"அவன இன்னும் வூட்ல சேக்கறியேக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"கூடப் பொறந்துட்டானே, இன்னா பண்ண? ஆனா அவன் வரும்போதெல்லாம் எதிர்ல ஒக்காந்து இந்தக் கத்தியிலதான் மீன் ஆய்வேன். தலைய நிமுத்தாம துன்னுட்டுப் போவான். இன்னிக்கும் வரான், அதான் வெரா மீனு... ஏய், பூன! மீன் தலைய கவ்விக்கினு ஓடுது பாரு! அந்தத் தொடப்பத்த எடுடீ!"