போ கண்ணு

ஒலக்கூரைத் தாண்டி, பஸ் போகாத ஏரி ஒன்றில் ஞாயிறுதோறும் தூண்டில் போடுவேன். அங்கே ஒருவர் வருவார். கறுத்த தோள், உப்பில் வெளுத்த லுங்கி. மரக்காணம் பக்கம் கடலில் வலை வீசுகிறவர். லீவு நாளிலும் மீன் பிடிக்கத்தான் வருவார். பிடித்த மீனின் முதுகைத் தடவி, "போ கண்ணு" என்று தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

அன்று அவரிடம் முழங்கை நீள விரால் சிக்கியது. நான் மாதக்கணக்கில் குறிவைத்திருந்த விரால்.

"அண்ணே, வுடாதீங்க, எனக்குக் குடுங்க!" என்று ஓடினேன்.

அதற்குள் "போ கண்ணு" ஆகிவிட்டது.

"கடல்ல ஒரு மீனு தப்பிச்சாலும் போட்ல இருக்கிறவன்லாம் திட்டிக்கினே கெடப்பான் சார். ஆசையா வுடணும்னுதான் இங்க வர்றேன்."

அந்த விராலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அவர் முகத்தை நினைத்தால் கோபம் வரமாட்டேன் என்கிறது.