டாக்டரம்மா சொல்லாததைச் சொல்லாதீர்கள்

கால்நடை மருத்துவர் நூர்ஜஹான், எங்கள் எல்லோருக்கும் டாக்டரம்மா, இறந்த செய்தி எனக்கு ஒரு விளம்பரமாக வந்தது. செஞ்சியில் தீவனக் கடை வைத்திருக்கும் ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். டாக்டரம்மாவின் படம், மாலை, 'கண்ணீர் அஞ்சலி'. அதற்குக் கீழே மூலிகைப் பொடி பாக்கெட். 'டாக்டரம்மா தந்த பொடி இருக்க, வெள்ளைக் கழிச்சலுக்கு ஊசி எதற்கு?' ஜனாஸாவைக்கூட இன்னும் அடக்கத்துக்கு எடுக்கவில்லை. அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அந்தப் பொடி எதற்கென்று டாக்டரம்மாவை அறிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் அனந்தபுரம் பக்கத்து நாட்டுக்கோழிப் பண்ணைகளில் குஞ்சு வந்து இறங்கியதுமே தண்ணீரில் ஆண்டிபயாடிக் கலந்துவிடுவோம். அதை நிறுத்தவைத்தவர் அவர். மஞ்சள், பூண்டு, சீரகம், கீழாநெல்லி எல்லாம் இடித்துத் தீவனத்தில் கலக்கச் சொன்னார். கொட்டகைக்கு வந்தால் முதலில் குந்தி உட்கார்ந்து எச்சத்தைத்தான் கிளறிப் பார்ப்பார். "குடல் நல்லா இருந்தா தின்ன தீனி உடம்புல ஒட்டும். இதுக்கு அவ்ளோதான் வேல. அதுக்கு மேல ஒரு வார்த்த சொன்னா பொய்" என்பார். கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி ஒன்றுதான் வழி என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டும்.

ஒருமுறை ஒரு பண்ணையில் வெள்ளைக் கழிச்சல் வந்து கொட்டகையே காலியானது. 'டாக்டரம்மா பொடி கோழிங்கள கொன்னுடுச்சு' என்று சந்தை முழுக்கப் பேச்சு. விஷம் என்று முதலில் கத்தியவர் இதே தீவனக் கடைக்காரர். பொடியை நம்பிப் பண்ணைக்காரன் ஊசியே போடவில்லை என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவன் பெயரைச் சொல்லியிருந்தால் பேச்சு அன்றே அடங்கியிருக்கும். அவர் சொல்லவில்லை. "ஊசி போட்டுட்டு வா, அப்பறம் பொடி தர்றேன்" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதோடு சரி.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, பக்கத்துப் பண்ணை ஏழுமலையிடம் ஊசி போட்டாயா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குண்ணா? டாக்டரம்மாவே வேணான்ட்டாங்களாம். போன்ல வந்துச்சே."

உயிரோடு இருந்தவரை அவர் சொல்ல மறுத்த பொய்யை, செத்த பிறகு அவர் வாயில் திணித்திருக்கிறார்கள். எழுந்து வந்து கேட்கவா போகிறார் என்ற தைரியம்!

ஏழுமலையிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். காலியான கொட்டகை என்னுடையது. ஊசி போடாதவன் நான். ஊரே அவரைத் திட்டியபோது வாயை மூடிக்கொண்டு நின்றவனும் நான்தான். ஏழுமலை மறுநாளே ஊசி போட்டுவிட்டான்.

"ஏம்மா என் பேர சொல்லல?" என்று பிறகொரு நாள் அவரிடம் கேட்டிருக்கிறேன்.

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பதில்தான். அதைக் கேட்டபிறகும் நான் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.