எடை குறையாத தென்துருவம்

சுங்கப் பட்டியலில் யானைத் தந்தத்துக்கு இடம் உண்டு, பொய்ப்பல்லுக்கும் உண்டு. தென்துருவக் கடற்பனிக்கு இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பேராசிரியர் அதில் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து சென்னைத் துறைமுகத்தில் இறக்கியபோதுதான் இது எங்களுக்குத் தெரிந்தது.

நான் அப்போது ராயபுரத்தில், கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஓர் ஏஜெண்டிடம் குமாஸ்தா. பேராசிரியரோ வெளிநாட்டுத் திமிங்கில வேட்டைக் கப்பலில் எப்படியோ இடம் பிடித்துப் போய்த் திரும்பியவர்.

"கடல் உறையறப்போ உப்பை வெளியே தள்ளிடும். அந்த உப்புத் தண்ணி கனமாகி அடிக்குப் போய் உலகம் பூரா நகருது. நம்ம மழை வெயிலுக்கும் அதுல பங்கு இருக்கணும். கட்டிக்குள்ள எவ்வளவு உப்பு தங்கியிருக்குன்னு அளக்கணும். இது உருகிட்டா இன்னொரு தடவை என்னை யாரும் அங்கே கூட்டிட்டுப் போகமாட்டாங்க" என்றார்.

சுங்க அதிகாரி கேட்டார்: "இது உப்பா, தண்ணியா?"

"ரெண்டும்தான்."

அந்த ஒரு பதிலால் கோப்பு மேலிடத்துக்குப் போயிற்று. சுங்கத்தில் உண்மை பேசுகிறவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

அதுவரை பெட்டியை ஒரு மீன் ஐஸ் கம்பெனியின் குளிரறையில் வைத்தோம். முத்திரை வைக்க அரக்கை உருக்கினால், அந்தக் குளிரில் அது பெட்டியில் ஒட்டாமல் உதிர்ந்தது. அதிகாரி எடையை மட்டும் குறித்துக்கொண்டு, வெளியே போகும்போது அதே எடை இருக்க வேண்டும் என்று குளிரறைக் காவல்காரரை எச்சரித்துவிட்டுப் போனார்.

ஒருவழியாக 'மாதிரிச் சரக்கு, விலையற்றது' என்று மேலிடம் தீர்ப்பளித்தது. பேராசிரியரும் நானும் குளிரறைக்கு ஓடினோம். பெட்டியைத் திறந்தவர், ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதன் அடியில் உமி ஒட்டியிருந்தது.

"தென்துருவத்துல நெல் விளையாதே" என்றார் மெதுவாக.

காவல்காரர் மார்பை நிமிர்த்தினார். "நடுவுல ஒரு நாளு கரண்டு பூட்ச்சு சார். உன்னுது முக்காவாசி ஒழுகிடிச்சு. நான் வுட்ருவனா? உமியில கெடந்த நம்ம கம்பெனி ஐஸு போட்டு ரொப்பிட்டேன். நிறுத்துப் பாரு, ஒரு ராத்தல் கொறையாது!"

அவர்மேல் குற்றமில்லை. அங்கே மீன் பெட்டியில் எடை குறைந்தால் காவல்காரரின் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆகவே கரைந்ததை நிரப்பி வைப்பதுதான் அங்கே நாணயம்.

"எது என்னுது, எது உங்களுதுன்னு தெரியுமாய்யா?"

"ஐஸுல இன்னா சார் சாதி கீது?"

வெண்பனி பூத்துக் கிடந்ததில் எல்லாக் கட்டிகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பேராசிரியர் ஓர் உளி கேட்டார். ஒவ்வொரு கட்டியின் ஓரத்திலும் ஒரு சில்லுப் பெயர்த்து நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தால் வலப்பக்கம், இல்லையென்றால் இடப்பக்கம். சிறிது நேரத்தில் அவர் நாக்கு மரத்துவிட்டது. உளி என்னிடம் வந்தது. என் நாக்கும் மரத்தபின் காவல்காரரிடம் போயிற்று.

"த்தூ! இது நம்ம ஐஸு. மீன் கவிச்சி அடிக்குது."

இந்த நேரத்தில் எடை பார்க்க வந்த அதிகாரி வாசலில் நின்றார். விஷயத்தைச் சொன்னோம். சற்று யோசித்து, "பரிசோதனைக்கு மாதிரி எடுக்க எனக்கு அதிகாரம் உண்டு" என்று ஒரு சில்லை வாயில் போட்டுக்கொண்டார்.

"கரிக்குது" என்று அரசாங்கத்தின் சார்பில் அறிவித்தார்.

வலப்பக்கம் இரண்டே கட்டிகள் தேறின. பேராசிரியர் அவற்றை மட்டும் அணைத்துக்கொண்டு கிளம்ப, அதிகாரி மறித்தார். "எடை குறைஞ்சா விசாரணை வைக்கணும் சார். முடியறதுக்கு மாசக் கணக்காகும்."

விசாரணை முடியும்வரை பனிக்கட்டி காத்திருக்காது. கம்பெனி ஐஸ் முழுவதையும் மறுபடி பெட்டியில் அடுக்கினோம். தராசு ஒரு ராத்தல் கூடப் பிசகவில்லை. அதிகாரி கையெழுத்திட்டார். வாசலைத் தாண்டியதும் இரண்டு கட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பேராசிரியர் வெளியே எடுத்துப் போட்டார். காவல்காரர் கூடையோடு பின்னாலேயே வந்து, கம்பெனிச் சொத்தைப் பொறுக்கிக்கொண்டார்.

"இந்த ரெண்டு போதுமா சார், அளக்கறதுக்கு?" என்று கேட்டேன்.

"தாராளமா."

காவல்காரர் கூடையை இறக்கினார். "ரெண்டு போதும்னா, அம்மாந் தூரத்துலேர்ந்து பொட்டி நெறைய எதுக்கு சார் தூக்கினு வந்த?"

"வழியில உங்களை மாதிரி ஒருத்தர் இருப்பார்னுதான்" என்றார் பேராசிரியர்.