குட்டியோடு வந்த சுறா

போன ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் நின்றேன். தங்கை செல்விக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். பால் பத்தவில்லை... பிள்ளை வீடு அதிர அழுகிறது. மாப்பிள்ளைக்குத் தாயில்பட்டிப் பட்டாசு ஆலையில் தீபாவளி சீசன் வேலை, லீவு கிடையாது.

"பால்சுறா வாங்கிட்டு வாலே. புட்டு வச்சுக் குடுத்தா சரியாப் போகும்" — அம்மா உத்தரவு. பிள்ளை பெற்ற வீட்டில் அதற்கு அப்பீல் ஏது?

மீன்கார மாரியக்கா ஐஸ் பெட்டியிலிருந்து ஒன்றைத் தூக்கிப் போட்டார். ஒன்றரை முழத்துக்குக் கொஞ்சம் கூட.

"என்னக்கா, இம்புட்டுத்தானா?"

"தூத்துக்குடி லோடே இம்புட்டுத்தான் அண்ணாச்சி. முந்தி ஆள் உசரம் வரும். இப்ப விசைப்படகு வலையில குஞ்சு குளுவான்னு அரிச்சு எடுத்துருதாக. எங்கன பெருசாக விடுதாக?"

வயிற்றைக் கீறினார். உள்ளே ஐந்து குட்டிகள்! விரல் நீளம்... கண்ணும் துடுப்புமாக. சுறா குட்டி போடும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மத்தி மாதிரி ஆயிரக்கணக்கில் பெருகும் ஜாதி இல்லையாம். நாலோ ஐந்தோதான்.

"அதிர்ஷ்டம் அண்ணாச்சி! குட்டியவும் சேத்து ஆக்கிப் போடுங்க, நல்லாச் சொரக்கும்."

வேண்டாமென்று திரும்பினேன். ஆனால் காதில் பிள்ளையின் அழுகை... வாங்கிவிட்டேன்.

செல்வி கஷ்டப்பட்டு விழுங்கினாள். சாயந்திரமும் பிள்ளை அழுதது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு நர்ஸ் ரோஸ்மேரி வந்தார். செல்வியின் உதடு வெடித்திருப்பதைப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கியாம்மா?"

"அம்மா தரமாட்டேங்காக அக்கா. பத்தியமாம். ஒரு நாளைக்கு அரை டம்ளர்."

பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ரோஸ்மேரி தலையில் அடித்துக்கொண்டார்.

"தாகத்துல கெடக்கவகிட்டப் பால் கேட்டா எங்கன இருந்து வரும்? தண்ணி குடுங்க. பிள்ளைய அடிக்கடி மார்ல போடுங்க. இதுக்குச் சுறா எதுக்கு அண்ணாச்சி?"

அன்றிரவே செல்வி பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தேன். மூன்றாம் நாள் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கியது.

விசைப்படகுக்காரரைக் காய்ச்சி எடுக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. அவர் யாருக்காக வலையை இழுக்கிறார்? கடலையே பார்க்காத, பட்டாசுக் கந்தகம் மணக்கிற ஊரில் இருக்கும் எனக்காகவும்தானே? சலித்துப் போய்விட்டது சாமி... முதலில் என் மேல்தான்.

ஒரு சொம்புத் தண்ணீரில் முடிகிற காரியம். அதற்குக் கடலில் ஒரு தாயையும் ஐந்து பிள்ளைகளையும் வாங்கி வந்திருக்கிறேன்.