கல்லில் மோக் என்ற பெயர்

1929 ஆகஸ்ட் 11. தாள் வாங்கியது, 1,700 டாலர்.
1935 டிசம்பர் 3. ஊரில் கல்யாணம், 410 டாலர்.
1936 நவம்பர் 20. திரும்பி வந்த கப்பல், 95 டாலர்.
1952 மார்ச் 6. லீன்-ஹோவுக்கு விசா மனு, 25 டாலர்.
1956 ஏப்ரல் 17. கல்லறைக் கல், 140 டாலர்.

சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை வைத்திருந்த குவோக்-லிம் பிறப்பால் தாம் குடும்பத்தவன் அல்ல. அவன் வந்த காலத்தில், வியாபாரிகளும் அவர்கள் மகன்களும் போன்ற சிலரைத் தவிர சீனர் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் இருந்தது. தாம் என்ற வியாபாரி, ஊரில் தனக்கு இரண்டு மகன்கள் இருப்பதாக அதிகாரிகளிடம் பதிவு செய்துவைத்து, அந்த மகன்களின் பெயரிலான தாள்களை விற்றார். ஒன்றை லிம் வாங்கினான். மற்றதை அவனுக்கு முன்பே வாங்கி வந்தவர் மோக் யூ-தொங். தாளின்படி அண்ணன் தம்பி.

கப்பலில் வந்தவர்களைப் பிடித்துவைக்கும் தீவில் லிம்மை மூன்று வாரம் அடைத்து விசாரித்தபோது, தான் பார்த்தேயிராத தாம் வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று சாட்சி சொல்லி அவனை மீட்டவர் யூ-தொங். பிறகு கட்டிலை அவனுக்கு விட்டுவிட்டு இஸ்திரி மேசையில் ஐந்து வருஷம் படுத்தார்.

சாகும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "முப்பது வருஷம் தாமா இருந்து சலிச்சுப்போச்சுடா. கல்லுல மோக்னு போடு. இல்லேன்னா எங்கப்பனுக்கே என்னை அடையாளம் தெரியாது." மூச்சு வாங்கிவிட்டு, "உன் பெண்டாட்டி வந்தப்புறம் போட்டாலும் சரிதான்" என்றார்.

லிம் யோசித்துப் பார்த்தான். அண்ணன் மோக் என்றால் தம்பி தாம் ஆக முடியாது. தாள் பொய் என்றாகிவிடும்; இருபது வருஷமாகப் பார்க்காத மனைவி லீன்-ஹோ, விசாவுக்குக் காத்திருக்கும் ஹாங்காங்கிலேயே நின்றுவிடுவாள்.

கல் வெட்டும் ஃபோங் கிழவர் சிரித்தார். இங்கிலீஷில் தாம், சீனத்தில் மோக், எல்லோருக்கும் அப்படித்தான் வெட்டுகிறேன் என்றார்.

"அதிகாரிங்ககிட்ட சீனம் படிக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கானாமே, பெரியவரே?"

"இருக்கான் தம்பி. போன மாசம் நோட்டோட வந்து, கல்லறைக்கு நடுவுல வரிசை வரிசையா நடந்தான்."

மரப்பலகை ஒன்றை நட்டுவிட்டு, மனைவி வரும்வரை காத்திருக்கலாம். ஆனால் வசந்தத்தில் மோக் குலச் சங்கத்தார் மோக் கற்களுக்கு மட்டுமே படையல் வைப்பார்கள். அண்ணன் பசியோடு கிடப்பதை லிம்மால் நினைக்க முடியவில்லை. வெட்டச் சொன்னான்.

அன்றிலிருந்து கடைக்கதவின் மணி அடித்தாலே இஸ்திரியை அப்படியே விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பான். இரண்டு சட்டைகளைக் கருக்கினான். செப்டம்பரில் ஒரு வெள்ளைக்காரன் சட்டையில் கழற்றி மாட்டும் காலர் ஒன்றே ஒன்றைச் சலவைக்குக் கொண்டுவந்து போட்டான். சுத்தமான கான்டனீஸ் சீனத்தில் கேட்டான்:

"உங்கண்ணன் தவறிட்டாராமே. எங்கே அடக்கம் பண்ணியிருக்கீங்க?"

லிம் இடத்தைச் சொன்னான். காலரை வாங்க அவன் திரும்பி வரவேயில்லை.

லீன்-ஹோவின் கடைசிக் கடிதம், தெருவில் உட்கார்ந்து எழுதித் தருபவரின் கையெழுத்தில் வந்தது. மே மாதம் விசா அலுவலகத்தில் கூப்பிட்டார்களாம். வேறொன்றும் கேட்கவில்லை, புருஷனின் அண்ணனான மூத்தாரின் குடும்பப் பெயரைக் கேட்டார்களாம், தாம் என்றாளாம். ஒரு கல்லின் படத்தை முன்னால் வைத்தார்களாம். படிக்கத் தெரியாது என்றாளாம், அது நிஜம்தான். மனுவைத் தள்ளிவிட்டார்கள், இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். மூத்தாருக்கு என் பேரிலும் ஒரு ஊதுபத்தி வையுங்கள் என்று முடித்திருந்தாள்.

கடிதம் கிடைத்தது 1957 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை.