மாடி வீட்டு வாடகை

என் அக்கா பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அக்கா வேலை பார்க்கும் லேபில் அது பிளாஸ்டராகி, மெழுகாகி, கடைசியில் பல்லாகத் திரும்பிப் போகும். யாருடைய பல் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பஸ்ஸில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், பேசிக்கொண்டிருந்த பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு அவர்கள் கடைவாயைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அவளோடு வெளியே போவது எனக்கு அவ்வளவு சுகமான காரியம் இல்லை.

அந்த வேலையில் ஒரு முறை உண்டு. எடுத்த எடுப்பில் கெட்டிப் பல் செய்துவிட மாட்டார்கள். முதலில் மெழுகில் பற்களை நட்டு அனுப்புவார்கள். நோயாளி அதை வாயில் வைத்து மூடித் திறந்து, நாலு வார்த்தை பேசிப் பார்ப்பார். சரியில்லை என்றால் மெழுகை இளக்கி மாற்றலாம். கெட்டியான பிறகு மாற்ற முடியாது. இந்தப் புத்தி அக்காவுக்கு லேபோடு நிற்கவில்லை. செருப்பு வாங்குவதென்றாலும் "மெழுகுல வெச்சுப் பாத்தாச்சா?" என்று கேட்பாள். நான் பேக்கரியில் கேக்கின் மேல் பூ போடுகிறவள். நின்ற நிலையில் முடிவெடுத்துத்தான் எனக்குப் பழக்கம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதே ஆச்சரியம்.

அந்தக் கூரை எங்கள் அப்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பணத்தில் வாங்கியது. எங்கள் இருவர் பெயரிலும் எழுதிவிட்டுப் போனார். அத்தான் இறந்த பிறகு அக்கா இங்கேயே வந்துவிட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லேபில் பென்ஷன் கிடையாது, கண் மங்கினால் வேலையும் கிடையாது. வாடகை வருகிற மாதிரி ஒரு கட்டடம் வாங்கிப் போட்டால்தான் வயசான காலத்தில் இரண்டு பேரும் யார் கையையும் எதிர்பார்க்காமல் சாப்பிடலாம் என்று ஒருநாள் சொன்னாள்.

சொன்னதோடு விடவில்லை. மெழுகு வேலையை ஆரம்பித்துவிட்டாள். கடன் வாங்கினால் என்ன தவணை வருமோ அந்தப் பணத்தை, கடன் வாங்குவதற்கு முன்பே, மாதாமாதம் தனிக் கணக்கில் போடத் தொடங்கினாள். அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "இந்த மாசம் கீழ் வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்கடி" என்றாள். எந்தக் கீழ் வீடு? கட்டடமே வாங்கவில்லை. குடியிருக்கிறவர் யாரும் இல்லை. இருந்தாலும் வாடகை வராத மாதம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா என்று சொல்லி இரண்டு மடங்கு பணத்தை ஒதுக்கினாள். இன்னொரு மாதம் இல்லாத தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. அடுத்ததில் இல்லாத மாடி ஒழுகியது. ஒரு வருஷம் முழுக்க நான் இல்லாத வீட்டுக்காகச் செலவைச் சுருக்கிக்கொண்டு, இல்லாத குடித்தனக்காரர்களைத் திட்டிக்கொண்டு வாழ்ந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் முடிந்தபோது நாங்கள் பட்டினி கிடக்கவில்லை, கட்டடத்துக்குக் கைமுதலாகப் போட ஒரு தொகையும் சேர்ந்திருந்தது. வேறு எவளாவது என்றால் கடனை வாங்கிவிட்டுப் பிறகுதான் விழி பிதுங்கியிருப்பாள்.

கட்டடம் பார்ப்பதிலும் அப்படித்தான். மழை கொட்டும் நாளாகப் பார்த்துத்தான் கிளம்புவாள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு நிற்பாள். புதுச் சுண்ணாம்பு வாசம் அடித்தால் உள்ளே நுழையவே மாட்டாள். எதையோ பூசி மறைத்திருக்கிறார்கள் என்பாள். கடைசியில் பிடித்தது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம். கீழே இரண்டு சின்ன வீடுகள், மேலே ஒரே பெரிய வீடு. ஒன்றில் ஒரு தையல்காரர் குடும்பம். இன்னொன்றில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். மாடியில் மனைவியை இழந்த கடிகார ரிப்பேர்காரர் ஒருவர் தனியாக இருந்தார்.

ஒரு குறை இருந்தது. மாடிக்கு முறையான அனுமதிக் காகிதம் இல்லை. அது வந்தால்தான் கடன் என்று பேங்கில் கையை விரித்துவிட்டார்கள். விற்கிறவருக்கோ அவசரம். பெரியப்பா மகன் பாதிப் பணம் போட்டு பங்குக்கு வருகிறேன் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "பங்குன்னா ரெண்டு வாய்க்கு ஒரே பல் செட் மாதிரிடி" என்றாள். மிச்சம் இருந்தது ஃபைனான்ஸ் கம்பெனி. அவர்கள் எங்கள் சொந்த வீட்டை அடமானமாகக் கேட்டார்கள். ஐந்து வருஷம் மாதாமாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும், அசல் முழுவதையும் கடைசியில் ஒரே தடவையாகத் தர வேண்டும். அதற்குள் மாடிக்குக் காகிதம் வாங்கி, கடனை பேங்குக்கு மாற்றிக்கொண்டு, நிதானமாகப் பல வருஷத் தவணையில் அடைத்துவிடலாம் என்பது அக்காவின் கணக்கு. மாற்ற முடியாமல் போனால் நாங்கள் குடியிருக்கும் வீடு போய்விடும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மெழுகில் வைத்துப் பார்க்க வழியில்லை. நான் அதைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

காகிதம் கிடைப்பதற்கு நாலரை வருஷம் ஆனது. அந்த அலுவலகத்தின் படிக்கட்டில் எந்தப் படி உடைந்திருக்கும் என்று எனக்கு மனப்பாடம். ஒருவழியாக அது கைக்கு வந்த வாரமே கடனை மாற்றித் தரச் சொல்லி அக்கா பேங்குக்கு எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் நல்ல பெண், சின்ன வயசு. காகிதமெல்லாம் சுத்தம், தவணை தவறியதே இல்லை, எல்லாம் சரி என்றாள். பிறகு வாடகை ஒப்பந்தங்களைப் புரட்டினாள். அக்காவுக்கு வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டதால் சம்பளத்தை நம்பி நீண்ட கடன் தர முடியாதாம், கட்டடத்தின் வாடகைதான் தவணையைத் தாங்க வேண்டுமாம். கீழ் வீடுகள் பரவாயில்லை. மாடி வாடகை என்ன இவ்வளவு குறைவாக இருக்கிறது, உறவுக்காரரா என்று கேட்டாள்.

அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

அந்தத் தெருவில் அவ்வளவு பெரிய வீட்டுக்கு வாங்குவதில் பாதிதான் கடிகாரக்காரர் கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய சொந்தக்காரர் காலத்து வாடகை. அக்கா அதில் கை வைக்கவே இல்லை. தவறாமல் முதல் தேதி பணம் வரும். குழாய் கசிந்தால் அவரே சரிசெய்துகொள்வார். மாடிப்படியைப் பெருக்குவார். இவையெல்லாம் காரணமாக அவள் சொல்வது. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வாடகை ஏறும் ஒவ்வொரு தடவையும் வீடு மாறினோம். வாடகையைக் கூட்டச் சொல்ல வரும் வீட்டுக்காரர் எங்கள் அம்மாவோடு பேசுகையில் அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த வீட்டுக்காரராகத் தான் ஆவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மேனேஜர் வழி சொன்னாள். மாடிக்கு ஊர் நடப்பில் உள்ள வாடகை வந்தால், புது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தால், கடன் கிடைக்கும். ஃபைனான்ஸ் கம்பெனி கெடுவுக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன.

அக்கா கடிகாரக்காரரிடம் போய்க் கேட்கவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தாள். லேபில் கூடுதல் வேலை எடுத்தாள், அது எந்த மூலைக்குப் போதும்? கட்டடத்தையே விற்றுவிடலாமா என்றாள். இத்தனை வருஷம் கட்டிய வட்டியெல்லாம் தண்ணீரில் போட்டதாகிவிடும் என்று நான் கத்தினேன். ஒரு ஆளுக்கு மனசு நோகக் கூடாது என்பதற்காக நாம் இரண்டு பேரும் தெருவில் நிற்பதா என்று கேட்டேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். மூன்றாம் நாள் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, நீயும் வந்து பக்கத்துல உக்காரு. நீ மட்டும் வாயத் தொறக்காத" என்றாள்.

படியேறும்போது முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பேச வேண்டியதைப் பேசிப் பார்க்கிறாள் என்று புரிந்தது. கடிகாரக்காரர் கதவைத் திறந்து, எங்களை உட்காரவைத்து, டீ போடப் போனார். நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு கட்டிலும் இரண்டு நாற்காலியும் ஒரு மேஜையும்தான் இருந்தன. சுவர் முழுக்க ஆணிகள். ஒரு காலத்தில் அத்தனையிலும் கடிகாரம் தொங்கியிருக்க வேண்டும். இப்போது ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் டீயைக் கொண்டுவந்து வைத்தபோது தட்டு கிடுகிடுத்தது. கை நடுங்குவதால் கடையை மூடி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்றார். எங்களுக்கு அது தெரியாது. வாடகை மட்டும் முதல் தேதி வந்துகொண்டிருந்ததால் நாங்கள் அவரைப் பற்றி எதையும் கேட்டுக்கொண்டதில்லை.

இதைக் கேட்டதும் அக்கா முகம் வாடிவிட்டது. கை நடுங்குகிற, வருமானம் இல்லாத மனிதரிடம் போய் எப்படிக் கேட்பது? எழுந்து வந்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். தரையைப் பார்த்தபடி பேங்கில் சொன்னதையும், வீடு அடமானத்தில் இருப்பதையும், மாடி வாடகையைக் கூட்ட வேண்டியிருப்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

 அவர் முகத்தில் தெரிந்தது என்ன என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. நிம்மதி.

"வருஷா வருஷம் நீங்க வாடகைய ஏத்துவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேம்மா" என்றார். "அதச் சாக்கா வெச்சுக் கிளம்பிடலாம்னு."

அவருடைய மகள் வேறு ஊரில் இருக்கிறாள். பேத்தி பிறந்ததிலிருந்து வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. போக வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான். ஆனால் புதுசாகக் கடன் வாங்கிக் கட்டடம் வாங்கிய ஒரு பெண், அதுவும் தன்னிடம் ஒரு காசு கூட்டிக் கேட்காத பெண், அவளிடம் போய் எப்படிக் காலி பண்ணுகிறேன் என்று சொல்வது? மாடி சும்மா கிடந்தால் அவள் தவணைக்கு என்ன செய்வாள்? நன்றி கெட்டவன் என்று ஆகிவிடாதா? அதனால் மகள் அனுப்பும் பணத்தில் வாடகை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சொல்லும்போது சிரித்தார். மேல்வரிசைப் பல் செட் லேசாக ஆடியது. அக்கா அதைக் கவனிக்கவே இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா" என்றாள்.

"நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார் அவர். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மாதம் முடிவதற்குள் மகள் வண்டி கொண்டுவந்து அவரை அழைத்துப் போனாள். அட்வான்ஸில் ஆணி அடித்த சுவருக்குப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். அக்கா முழுசாகத் திருப்பிக் கொடுத்தாள். மாடிக்குக் கண் டாக்டர் ஒருவரின் குடும்பம் வந்தது. அவர்கள் பேரம்கூடப் பேசவில்லை. புது ஒப்பந்தத்தைப் பார்த்த மேனேஜர் கடனுக்குச் சம்மதித்தாள். தவணையைப் பத்து வருஷமா பதினைந்தா என்று கேட்டபோது அக்கா நீண்டதை எடுத்துக்கொண்டாள். கையில் பணம் சேர்ந்தால் முன்னதாகக் கட்டலாம், சேராவிட்டால் கழுத்தை நெரிக்காது என்றாள். எங்கள் வீட்டுப் பத்திரம் ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. நான் அதைப் பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இறங்கியதும் ஏதாவது இனிப்பு வாங்கலாம் என்றேன்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். எதிர் சீட்டில் ஒருத்தி கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு வந்தாள். அக்கா திரும்பியும் பார்க்கவில்லை.

"எனக்குக் கேக்கப் பயம்டி" என்றாள். "அதுக்கு நான் இரக்கம்னு பேர் வெச்சுக்கிட்டேன். அந்த மனுஷன் பேத்தி வளர்றதைப் பாக்காம அங்க உக்காந்திருந்திருக்காரு."

விடு, அவரும்தானே வாயைத் திறக்கவில்லை என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டு நிறுத்தம் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கும் அப்படி ஏதாவது இருக்கா? எங்கயாவது போகணும், தனியா இருக்கணும்னு? என் முகத்துக்காகச் சொல்லாம இருக்கியா?"

அத்தான் இறந்து அவள் பெட்டியோடு வந்த நாளிலிருந்து இதை அவள் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.  பத்திரப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். பிறகு இல்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் நான் யோசித்த அந்தக் கொஞ்ச நேரமும் அவள் அவசரப்படுத்தாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.